சிகிச்சைக்குப் பின்னரும் நடப்போம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். இலங்கைப் பெண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். இவ்வளவு பேர் கூடியிருக்கும் மண்டபத்தில் அந்நோயைக் கண்டவர்களும், கண்டும் வெளியில் சொல்லாதவர்களும் இருப்பார்கள். அவர்களை நினைத்தே இன்று பேசுகிறேன்.

சத்திரசிகிச்சையும் மருந்தேற்றலும் முடிந்து ஒரு பெண் வீடு திரும்பியதும் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும்? "பிள்ளை, பேசாமல் படு. கையைத் தூக்காதை. வெளியிலை போகாதை." எல்லாம் அன்பினால் சொல்வது. ஆனால், முதல் சில வாரங்களுக்குப் பொருந்தும் ஓய்வு, பல வீடுகளில் வருடக்கணக்காக நீண்டுவிடுகிறது. தசை இளைக்கிறது, உடல் பருக்கிறது, களைப்பு இன்னும் கூடுகிறது. சனம் கேட்கும் கேள்விகளுக்குப் பயந்து படலையையே தாண்டாதவர்களும் உண்டு.

மருத்துவ ஆய்வுகள் சொல்வது வேறு. அமெரிக்கத் தாதியரை நெடுங்காலம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்றில், மார்பகப் புற்றுநோய் வந்த 2,987 பெண்களின் நிலை ஆராயப்பட்டு 2005இல் வெளியானது. கிழமைக்கு மூன்று முதல் ஐந்து மணித்தியாலம் சாதாரண வேகத்தில் நடப்பதற்குச் சமமான அளவு உடலை இயக்கியவர்களிடையே, கிழமைக்கு ஒரு மணித்தியாலமும் இயக்காதவர்களைவிட, அந்நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. இதை நிதானமாக விளங்கிக்கொள்ள வேண்டும். உடல் தெம்பாக இருந்தவர்களே கூடுதலாக நடந்தும் இருக்கலாம். ஆகவே நடைதான் காப்பாற்றியது என்று இந்த ஆய்வை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2025இல் பெருங்குடல் புற்றுநோயாளர் 889 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் செய்த பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. மூன்று வருட உடற்பயிற்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களில் எட்டு வருடங்களின் பின் உயிரோடிருந்தோர் 90.3 வீதம். மற்றப் பிரிவில் 83.2 வீதம். அது வேறு புற்றுநோய்தான். எனினும் உடலியக்கம் புற்றுநோயின் போக்கையே மாற்றக்கூடும் என்பதற்கு அது வலுவான சான்று.

களைப்பு, மனச்சோர்வு ஆகியவற்றை உடற்பயிற்சி குறைக்கிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு.

"கையைத் தூக்கினால் வீங்கிவிடுமே" என்பது அடுத்த பயம். அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றினால் கை வீங்கக்கூடும் என்பது உண்மை. அதனால் பாரம் தூக்கவே கூடாது என்று முன்னர் மருத்துவர்களும் சொல்லி வந்தார்கள். 1996இல் கனடாவின் வன்கூவர் நகரில் டொன் மக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், இந்நோய் கண்ட 24 பெண்களைப் பயிற்றுவித்து டிராகன் படகு வலிக்க வைத்தார். பயந்தபடி கைகள் வீங்கவில்லை. 2009இல் வெளியான ஒரு பரிசோதனையில், ஏற்கெனவே கை வீங்கியிருந்த பெண்களே மேற்பார்வையுடன் சிறுகச் சிறுகப் பாரம் தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை, அது திடீரென மோசமாவதும் குறைந்தது.

சரி, எவ்வளவு செய்வது? பத்து நிமிட நடையில் தொடங்கி, கிழமைக்கு 150 நிமிடம் வரை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்கவேண்டும். அதுதான் சரியான வேகம். கிழமைக்கு இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுங்கள். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து எழுந்து இருங்கள். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குங்கள். "வீட்டுவேலை போதாதா?" என்று கேட்பீர்கள். மூச்சு வேகமெடுக்கும்படி முற்றம் கூட்டினால் அதுவும் கணக்கில் சேரும். அடுப்படியில் நெடுநேரம் நிற்பது சேராது. இங்கே வெயில் ஏறுமுன் நடக்கலாம். ரொறன்ரோவில் பனி கொட்டினால் கடைத்தொகுதிக்குள் நடக்கலாம்.

சில எச்சரிக்கைகள். காய்ச்சல், நெஞ்சுநோ, மூச்சுத்திணறல், தலைச்சுற்று இருந்தால் நடக்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள். நோய் எலும்புக்குப் பரவியவர்களும், இருதயம் பலவீனமானவர்களும் தங்கள் வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கேட்டே தொடங்க வேண்டும். கை புதிதாக வீங்கினால் காட்டுங்கள். நடை ஒருபோதும் சிகிச்சைக்கு மாற்றல்ல. மார்பில் கட்டி தென்பட்டால் அன்றே கிளினிக்குக்குப் புறப்படுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நன்றாக நடந்தவருக்கும் நோய் திரும்ப வரலாம். அப்படி வந்தால், "ஒழுங்காக நடந்திருந்தால் வந்திராது" என்று யாரும் சொல்லாதீர்கள். நோயோடு பழியையும் அவள் தலையில் சுமத்த எங்களுக்கு உரிமையில்லை.

2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை பலர் நடந்து நிதி திரட்டியதில், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அத்தனை பேர் நடந்து கட்டிய இடத்தில் சிகிச்சை பெற்று வருபவளை நாங்கள் கட்டிலிலேயே இருத்தி வைக்கலாமா?

இந்தப் பாடசாலை எங்களை ஓட விட்டது. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காக வெயிலில் ஓடினோம், வலைப்பந்துக்கு அடிபட்டோம். உயர்தரம் முடிந்ததோடு எங்களில் பலர் அதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டோம். தனியே திரும்பத் தொடங்குவது கடினம். நோய் கண்டவளுக்கு இன்னும் கடினம். ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சிகிச்சை முடிந்து வந்தால், பழங்களோடு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். "நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு வாறன், ரெண்டு பேரும் நடப்பம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போய்ப் படலையில் நில்லுங்கள்.