புளியங்கொட்டைக்கு ஒரு புடவை



திருப்பூரில் மேடை போட்டு, புதுத்துணி வாங்காமல் இருப்பதைப் பற்றிப் பேசு என்கிறார்கள். சிவகாசிக்குப் போய்ப் பட்டாசு வேண்டாம் என்று பேசுவதும் இதுவும் ஒன்றுதான். 22 வருடம் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்று பிசிறு வெட்டியவள் நான். இப்போது வாசலில் ஒரு தையல் மெஷின் போட்டு, பிடித்துத் தைப்பதும் பிரித்துத் தைப்பதுமாகப் பிழைப்பு ஓடுகிறது. துணி எனக்குச் சோறு போட்ட சாமி. சாமியைத் திட்ட மாட்டேன். பீரோவைத் திட்டலாம் அல்லவா?

போன ஆடி மாதம். ஊரே தள்ளுபடிக்கு ஓடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேர் ஒரு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆளுக்கு ஐந்து துணி. உடுத்தக்கூடியதாக இருக்கணும், துவைத்திருக்கணும், பொத்தான் விட்டுப் போயிருக்கக் கூடாது. ஐந்து கொடுத்தால் ஐந்து புளியங்கொட்டை. ஒரு கொட்டைக்கு ஒரு துணி எடுத்துக்கொள்ளலாம். காசு பேச்சே கிடையாது.

ஆரம்பத்திலேயே சண்டை. காஞ்சிபுரம் பட்டுக்கும் ஒரு கொட்டை, நைட்டிக்கும் ஒரு கொட்டையா? அரை மணி நேரம் வழக்கு. கடைசியில் பட்டைக் கொண்டுவந்த அக்காதான் முடித்து வைத்தார்: “எட்டு வருசமா அது பீரோவுக்குள்ள தூங்குது. எனக்கு நாலு நைட்டி கிடைச்சா தினமும் உடுத்துவேன்.” கடைக்காரர் போடும் விலை வேறு, நம் உடம்பு போடும் விலை வேறு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அளவுதான் பெரிய தொல்லை. வள்ளல் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தபோது மயிலின் இடுப்பளவு கேட்டானா? எங்களால் அப்படி முடியவில்லை. ஜாக்கெட் எல்லாம் அப்படியே மிஞ்சிவிட்டது. சுடிதாரைப் பக்கவாட்டில் பிரித்து இரண்டு விரல் விட்டுக் கொடுத்தேன். புடவைதான் ராணி. ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒரே ஐந்தரை மீட்டர். உலகத்திலேயே மாற்றிக்கொள்வதற்கென்று செய்தது போன்ற உடை நம்முடையது! ஆண்களே, வேட்டியும் அப்படித்தான். நீங்கள் ஏன் இன்னும் வரவில்லை?

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு கறார் விதி உண்டு. எது யாருடையதாக இருந்தது என்று வெளியே சொல்லக் கூடாது. ‘படையப்பா’ படத்தில் பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஓர் இரவல் சட்டை, இன்னாருடையது என்று அம்பலமாகிப் படும் பாடு உங்களுக்கு நினைவிருக்கும். 1999இல் வந்த படம், இன்றைக்கும் சட்டை என்று தொடங்கினாலே சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்தேன். ஆனால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

எங்கம்மா ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். ஒரு தீபாவளி முடிந்து அந்த வீட்டில் ஒரு பாவாடை கொடுத்தார்கள். மயில் கழுத்துப் பச்சை, கீழே இரண்டு விரல் ஜரிகை. ஒரு கிழிசல் கிடையாது. அம்மா இடுப்பில் ஒரு மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஆறாம் வகுப்புக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன். அந்த வீட்டுப் பெண்ணும் என் வகுப்புதான். அவள் கெட்டவள் இல்லை. சந்தோஷமாகத்தான் கத்தினாள்: “ஏய், அது என் பாவாடை!” அன்றைக்குச் சாயங்காலம் அவிழ்த்து வைத்ததை நான் திரும்ப எடுக்கவே இல்லை. தங்கச்சி போட்டுக் கிழித்தாள்.

பழைய துணி என்றால் நமக்கு ஏன் கூசுகிறது? அழுக்கு என்கிறோம், தரித்திரம் ஒட்டும் என்கிறோம். அதெல்லாம் மேலுக்குச் சொல்கிற சமாதானம். பிறந்த குழந்தையை நாம் எதில் சுற்றுகிறோம்? புதுத்துணி உறுத்தும் என்று பாட்டியின் பழைய நூல்சேலையைத்தான் கிழிக்கிறோம். தூளியும் அதே சேலைதான். அப்போது யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை. இந்த ஊர் வழக்கத்தில் பழைய துணி எப்போதும் மேலிருந்து கீழேதான் வந்தது. முதலாளி வீட்டிலிருந்து வேலைக்காரி வீட்டுக்கு, இன்ன சாதியிலிருந்து இன்ன சாதிக்கு. சேலையோடு சேர்த்து நம் இடத்தையும் மடித்துக் கொடுத்தார்கள். கூசுவது அதுதான். புளியங்கொட்டை வைத்த மாடியில் ஐந்து கொடுத்தவள் ஐந்து எடுக்கிறாள். அங்கே மேல்கை, கீழ்கை இல்லை.

முதல் நாள் எனக்கும் தயக்கம்தான். ஒரு வயசான அம்மிணி முடிச்சிலிருந்து மஞ்சளை எடுத்து, கைமாறிய ஒவ்வொரு துணியின் முனையிலும் ஒரு பொட்டு வைத்தார். “இனி இது புதுசு கண்ணு” என்றார். அதற்குமேல் யார் என்ன பேசுவது?

இனி இந்த ஊர்க்காரர் கேட்கிற கேள்வி. எல்லாரும் இப்படி மாற்றிக்கொண்டால் நம் பிழைப்பு? நியாயம்தான். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவளிடம் தத்துவம் பேசக் கூடாது. ஆனால் நாம் தைப்பதில் பெரும்பங்கு கப்பல் ஏறுகிறது. பதினோரு பேர் மொட்டை மாடியில் உட்கார்ந்தால் கப்பல் நிற்காது. நொய்யல் ஆற்றையும் கொஞ்சம் நினைக்கணும். அதில் 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணீர்த் தொட்டியாகிப் போனதை நாம் பார்த்தோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்று நிலைமை வந்தது. வேலை இல்லாமல் அடுப்பு மூட்டத் திணறிய அந்த மாதங்களை நான் மறக்கவில்லை. யாரைத் திட்டுவது என்றுகூட அப்போது தெரியவில்லை. ஒரு பருத்தி டீ-சர்ட்டுக்குச் செடி வளர்ப்பதிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்கிறார்கள். பதினைந்து லிட்டர் குடம் என்றால் 180 குடம். குழாயடியில் நின்ற பெண்களுக்குத் தெரியும் 180 குடம் என்றால் என்ன என்று.

அந்த டீ-சர்ட் எங்கே போய் முடிகிறது? ஆப்பிரிக்காவில் கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் கான்டமான்டோ என்று ஒரு சந்தை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் கழித்த துணி அங்கே பேல் பேலாக வந்து இறங்குகிறது. அந்த ஊர் மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஒப்ரோனி வாவு’. செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி என்று அர்த்தம். உயிரோடு இருக்கிற மனுஷன் இவ்வளவு நல்ல துணியைக் கழிப்பானா என்று அவர்களுக்கு ஆச்சரியம். நான் பிசிறு வெட்டிய பனியன் ஒன்று அந்தப் பேலுக்குள் இருந்திருக்கலாம். எனக்கு அதை நினைத்தால் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அவ்வளவு சீக்கிரமாகவா என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தின் மாடியில் உட்காருகிறோம். ஐந்து துணிக்குமேல் வேண்டாம், வைக்க இடமில்லை. மெஷினையும் தூக்கி வருகிறேன்.

மூன்றாவது வரிசையில் ஒருத்தர் அரை மணி நேரமாக என் புடவையின் முந்தானையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கலாம், தப்பில்லை. யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். விதி விதிதான், நானும் சொல்ல மாட்டேன்.