டீக்கடையில் பேசுவது யார் கருத்து?



டீக்கடையில நாம பேசுறதெல்லாம் நம்ம சொந்தக் கருத்துதானா? 2020 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து பஞ்சாப், அரியானா விவசாயிகள் தில்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். "பீட்சா திங்கிறான், இவனா விவசாயி?" என்று கிளப்பிவிட்டார்கள். கோதுமை விளைவிக்கிறவன் கோதுமையைத் தின்றால் குற்றமாம்! நம்மிலேயே சில பேர் அதைத் திருப்பிச் சொன்னோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. டிசம்பரிலேயே 'டிராலி டைம்ஸ்' என்று சொந்தமாகப் பத்திரிகை போட்டார்கள். 2021 ஜனவரி 26 செங்கோட்டைச் சம்பவத்தோடு கதை முடிஞ்சுதுன்னு டி.வி.யில் பேசினார்கள். 28ஆம் தேதி இரவு காஜிப்பூர் எல்லையில் ராகேஷ் டிகாயத் கண்ணீர் விட்டார். அந்தக் காட்சி செல்போன் செல்போனாகப் பரவியது. மேற்கு உ.பி. கிராமங்களிலிருந்து இரவோடு இரவாக ஆட்கள் கிளம்பினார்கள். மறுநாள் முசாபர்நகரில் மகா பஞ்சாயத்து. நவம்பர் 19இல் சட்டங்கள் வாபஸ் என்று பிரதமரே அறிவித்தார்.

கண்ணீர் மட்டுமா செய்தது? அங்கே ஊர் கூடிப் பேசுகிற வழக்கம் இன்னும் சாகவில்லை. நம்ம ஊரில் சங்கக் கூட்டத்துக்குப் பத்துப் பேர், டி.வி. முன்னால் மீதி ஊர்!

இந்த நோட்டீசை மடிச்சு மடியில வெக்காதீங்க. டீக்கடையில் சத்தமாப் படிங்க. மறுப்பு இருந்தா அங்கேயே சொல்லுங்க, நாங்களும் கேட்கிறோம்.