இரண்டு வீட்டுப் பிள்ளை



கணவனும் மனைவியும் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்து வாழ்வது இன்று நம் நாட்டில் புதுமையன்று. சென்னை மாகாணம் 1949-ஆம் ஆண்டிலேயே இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்குக்கும் வழி வகுத்துத் தனிச்சட்டம் இயற்றியது. அனைத்திந்தியாவுக்குமான இந்து திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. சட்டம் வருவதற்கு நெடுநாள் முன்பே, மதுரை, திண்டுக்கல் வட்டாரத்துச் சிற்றூர்கள் பலவற்றில் 'அத்துவிடுதல்' என்ற வழக்கம் இருந்து வந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள். நகை, சீர் வகைகளைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கச் செய்வார்கள். அந்தக் கணக்கின் ஓரத்திலேயே பிள்ளை யாரிடம் வளர்வது என்பதும் முடிவாகிவிடும். வெண்கலப் பானையைப் பற்றிப் பேசிய நேரத்தில் பாதி நேரமாவது பிள்ளையைப் பற்றிப் பேசினார்களா என்பது ஐயமே.

பிரிந்த பெற்றோரின் பிள்ளையைப் பற்றிச் சட்டம் பேசும்பொழுது 'காவல்' என்ற சொல்லைக் கையாள்கிறது. கைதிக்கும் காவல், பிள்ளைக்கும் காவல்! வேறு நல்ல சொல் ஒன்று நமக்கு அகப்படாமற் போனது வருந்தத்தக்கது. பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவருக்குக் காவல். மற்றவருக்குக் காணும் உரிமை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கோடை விடுமுறையில் பாதி, தீபாவளிக்கு ஒருவர், பொங்கலுக்கு ஒருவர் என்று தாளில் எழுதிவிடலாம். தாளில் எழுத முடியாத சிறு காரியங்களிலேதான் பெரும்பாலான சண்டைகள் பிறக்கின்றன.

பழனிக்கு வடக்கே தொப்பம்பட்டிப் பகுதியில் நான் ஆசிரியராக இருந்த காலத்தில் அறிந்த குடும்பம் ஒன்றைச் சொல்கிறேன். அவர்களுடைய பெயர் இங்கே வேண்டியதில்லை. தாய் தன் பெற்றோர் வீட்டில் இருந்தாள். தந்தை திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். பெண் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். இரண்டாம் சனியும் நான்காம் சனியும் அவளைத் தாத்தா பழனிக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து திண்டுக்கல் பேருந்தில் கூட்டிப் போவார். ஏறத்தாழ 60 கிலோமீட்டர்ப் பயணம் அது.

அவ்வாண்டு பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. அவளுக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்து, தாய் மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமை தந்தை அதைக் கண்டதும் வெகுண்டார். "என்னைக் கேட்காமல் எப்படிப் போட்டாள் உன் அம்மா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?" என்றார். இந்த இரண்டு வினாக்களில் எது அவரை உண்மையில் உறுத்தியது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். முதல் வினாதான் என்பது என் எண்ணம்.

பெண் ஒரு வழி கண்டுபிடித்தாள். பேருந்து ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியதும் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவாள். திரும்பும்போது அதே இடத்தில் எடுத்து மாட்டிக்கொள்வாள். தாத்தாவும் கண்டும் காணாதவர்போல இருந்துவிட்டார். நான்கு மாதம் இப்படியே நடந்தது. ஒரு நாள் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் தந்தையின் கையை விட்டு விலகிய பெண், பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க மாட்டாமல் வேறொரு வண்டியில் ஏறிவிட்டாள். நடத்துநர் நல்லவர், அடுத்த நிறுத்தத்தில் இறக்கி, தந்தை வரும்வரை உடன் ஒருவரை நிறுத்தி வைத்தார். பன்னிரண்டு வயதுப் பெண் தெரிந்தே கண்ணை மறைத்துக்கொண்டு நடந்தது யாருக்காக? இருவரில் ஒருவரும் வருந்தக்கூடாது என்பதற்காக! அப்பா வீட்டில் ஒரு பெண்ணாகவும் அம்மா வீட்டில் வேறொரு பெண்ணாகவும் வாழக் குழந்தைகள் மிக விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். பார்ப்பவர்கள் அதைச் சமர்த்து என்று மெச்சுகிறார்கள்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பாலூட்டுவதும் இரவெல்லாம் விழித்திருப்பதும் தாய். கையெழுத்து மட்டும் தந்தையினுடையது! இந்த நிலை நெடுங்காலம் நீடித்தது.

கோயமுத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-இல் தம் மகன் பெயரில் பாரத ரிசர்வ் வங்கியின் சேமிப்புப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். காப்பாளராகத் தாமே கையொப்பமிட்டார். கணவருக்கும் அதில் முழுச் சம்மதம். ஆயினும் வங்கி, தந்தையின் கையொப்பம் வேண்டும், இல்லையேல் தாயே காப்பாளர் என்று தகுந்த அதிகாரியிடமிருந்து சான்று வேண்டும் என்றது. அவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். அதே விசாரணையில் அறிவியலாளர் வந்தனா சிவாவின் மனுவும் சேர்ந்தது. அவருடைய மணவிலக்கு வழக்கு அப்போது நிலுவையில் இருந்தது. மகன் தாயிடம் வளர்ந்தான். எனினும் தாமே இயற்கைக் காப்பாளர், தம் அனுமதியின்றி எந்த முடிவும் செய்யலாகாது என்று கணவர் எழுதி வருவதாக அவர் முறையிட்டார். தொப்பம்பட்டிக் கண்ணாடிக்கும் டில்லி வழக்குக்கும் வேர் ஒன்றே என்பதைக் கவனியுங்கள்.

1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 'தந்தைக்குப் பின்' என்பதற்குத் 'தந்தை இறந்த பின்' என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. 'தந்தை இல்லாதபோது' என்றே கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. தந்தை உயிரோடிருந்தும் பிள்ளையின் காரியங்களில் அக்கறையற்றிருந்தாலோ, இருவரின் இசைவோடு பிள்ளை முழுதும் தாயின் பொறுப்பில் இருந்தாலோ, தாயே காப்பாளர் ஆவாள். ஒரு சொல்லுக்குப் பொருள் காண்பதில் எத்தனை வீடுகளின் வாழ்வு அடங்கியிருக்கிறது! இலக்கணம் பயன்படாத பாடம் என்று நினைக்கும் மாணவர்கள் இத்தீர்ப்பைப் படித்துப் பார்க்கலாம்.

பிள்ளையின் சொல்லைக் கேட்பது என்ற கருத்துக்கும் நம் சென்னையில் பழைய சான்று உண்டு. ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் வளர்க்கும் பொறுப்பை அவர்கள் தந்தை நாராயணய்யா 1910-இல் அன்னி பெசண்ட் அம்மையாரிடம் ஒப்படைத்தார். பின்னர் மனம் மாறி, 1912-இல் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் தந்தை பக்கம் தீர்ப்பளித்தது. 1914-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. இங்கிலாந்தில் இருந்த அப்பிள்ளைகள் அவ்வழக்கில் ஒரு தரப்பாக நின்று தம் எண்ணத்தைச் சொல்ல இடமில்லாதிருந்ததும் அங்கே எடுத்துப் பேசப்பட்டது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே, பகுத்தறிந்து விருப்பம் கூறத்தக்க வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கிறது. 1973-இல், சென்னையிலிருந்து சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருளும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2020-இல் மற்றொரு வழக்கில், நேரில் காண முடியாத பெற்றோர் தொலைபேசியிலும் காணொளி அழைப்பிலும் பிள்ளையோடு பேசத் தொடர்பு உரிமை உண்டு என்றது.

தொப்பம்பட்டிக் குடும்பத்தின் வழக்கு, பேருந்து நிகழ்ச்சிக்குப் பின் சமரச மையத்துக்குச் சென்றது. நீதிமன்றத்தோடு இணைந்த இத்தகைய மையம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் தொடங்கியது. இப்போது மாவட்டங்களிலும் உண்டு. அங்கே மூன்று அமர்வில் ஒரு தாள் எழுதினார்கள். காய்ச்சல், கண், பல் ஆகியவற்றுக்கு, அன்று பிள்ளை எவர் வீட்டில் இருக்கிறதோ அவரே மருத்துவரிடம் காட்டலாம். மறுநாளைக்குள் மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும். அறுவை சிகிச்சைக்கும் பள்ளி மாற்றத்துக்கும் இருவர் இசைவும் வேண்டும். தலைமுடியை வெட்டுவதா, வளர்ப்பதா என்பதைப் பெண்ணே தீர்மானிப்பாள். இதை எழுத மட்டும் ஒரு முழு அமர்வு ஆயிற்றாம்! மருந்து வேளையும் வீட்டுப்பாடமும் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் அவள் பையிலேயே போய்வர ஏற்பாடாயிற்று. அதன் முதற்பக்கத்தில் அவள் தானே ஒரு வரி எழுதியிருந்ததை எனக்குக் காட்டினாள்: "கண்ணாடி இரண்டு வீட்டிலும் போடலாம்."

ஒரு செய்தியை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பெற்றோர் இருவரும் பிள்ளையைச் சேர்ந்து வளர்க்கும் முறைக்கு வழி செய்ய வேண்டும் என்றும், 6-ஆம் பிரிவில் தாயையும் தந்தையையும் ஒருங்கே காப்பாளராக வைக்க வேண்டும் என்றும் இந்தியச் சட்ட ஆணையம் 2015 மே மாதத்தில், தன் 257-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அப்பிரிவு இன்னும் திருத்தப்படவில்லை. உங்களுள் சட்டக் கல்லூரிக்குச் செல்பவர்கள் 'தந்தை, அவருக்குப் பின் தாய்' என்றே அதைப் படிப்பீர்கள். 1999-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும்.