"எனக்கு யாரோடும் பிரச்சினையே இல்லைங்க சார்"



எப்படிக் கைகுலுக்குவது, எந்த நிறத்தில் சட்டை போடுவது என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நேர்காணலில் வரும் இரண்டு கேள்விகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

"வேலையிடத்தில் யாரோடாவது முரண்பாடு வந்ததா? எப்படிக் கையாண்டீர்கள்?" முதல் தலைமுறையாகப் படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகளில் பலர், "எனக்கு யாரோடும் பிரச்சினையே வந்ததில்லைங்க சார்" என்கிறார்கள். அடக்கமான பிள்ளை என்று பெயர் வாங்கலாம் என்பது கணக்கு. எதிரே இருப்பவரோ 'அனுபவமில்லை' என்று குறித்துக்கொள்கிறார். வாய் திறந்தால் அடி விழும் என்று ஊர் நமக்குப் பழக்கிய மௌனம் அது. அந்த அறையில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

சென்ற மாதம் ஒரு தம்பியிடம் இதே கேள்வியைக் கேட்டேன். "நான் எங்கேயும் வேலை பார்க்கலையேண்ணா" என்றார். துருவிக் கேட்டால், மூன்று ஆண்டுகளாகக் கல்யாணப் பந்திகளில் பரிமாறப் போகிறார். ஒருமுறை ஒப்பந்தக்காரர் ஐந்து பேருக்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்துவிட்டார். யார் எந்த நாள் வந்தார்கள் என்று இவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். சத்தம் போடவில்லை. பந்தி முடியும்வரை காத்திருந்து, நோட்டைக் காட்டிப் பேசி, ஐந்து பேருக்கும் கூலியை வாங்கிக்கொடுத்தார். அடுத்த முகூர்த்தத்திலிருந்து வருகைக் கணக்கு எழுதும் வேலையை ஒப்பந்தக்காரரே இவரிடம் கொடுத்துவிட்டார்.

இதைவிட என்ன பதில் வேண்டும்? ஏன் சொல்லவில்லை என்றேன். "எச்சில் இலை எடுக்கிற வேலைன்னு எப்படிண்ணா சொல்றது?" என்றார்.

நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன முடிந்தது. இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். 'நாங்கள்' என்பதற்குள் ஒளியாதீர்கள். 'நான்' என்று சொல்லுங்கள். எதிராளியைத் திட்ட வேண்டாம்.

அடுத்தது, "ஐந்தாண்டில் எங்கே இருப்பீர்கள்?" குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது உண்மைதான், அதில் வெட்கமில்லை. ஆனால் கேட்பது வேலையைப் பற்றி. முதலில் எதைக் கற்பீர்கள், பிறகு எந்தப் பொறுப்பை ஏற்பீர்கள் என்று சொல்லுங்கள்.

நன்றாகப் பதில் சொன்னால் சாதி விலகிவிடுமா? விலகாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சமமான தகுதி கொண்ட விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் பணியமர்த்தும் மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதி ஒன்றே அளவுகோல் என்றவர்களே குடும்பப் பின்னணியையும் கேட்பதாகச் சொன்னார்கள். "அப்பா என்ன செய்கிறார்?" என்பது சும்மா கேட்கும் கேள்வி அல்ல. "கட்டட வேலை" என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு உங்கள் வேலைக்கு வந்துவிடுங்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டுத் தெருவில் நிற்பதை நாம் விடப்போவதில்லை. அது கிடைக்கும்வரை நேர்காணலுக்குப் போகாமல் இருக்க முடியாதே.

அந்தத் தம்பி இங்கேதான் இருக்கிறார், பேசச் சம்மதித்திருக்கிறார். வாங்க தம்பி, நோட்டுக் கதையிலிருந்து ஆரம்பிங்க.