மீசையைக் கலைக்காதவன்

1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனார் யார்? கே.பி. சுந்தராம்பாள். நம் கூத்தில் ஆண் ஒருவர் பாஞ்சாலி கட்டி நிற்கிறார். துகில் உரியும் இடத்தில் ஊரே அழுகிறது. 'நீ உண்மையில் யார்?' என்று அவர்களை எவரும் மடக்கியதில்லை. விடிந்ததும் வேஷம் கலைந்துவிடும் என்ற தைரியம்! நான் திருநம்பி. என் மீசை கலையாது. மேடையை விட்டு இறங்கி டீக்கடையில் நின்றாலும் நான் ஆண்தான். உங்களுக்குக் கோபம் பிறப்பது அங்கேதான்.

என் ஓராள் நாடகத்துக்குத் தேதி கொடுத்த ஒருவர் சொன்னார்: "ஆபரேஷன் காட்சியைக் கொஞ்சம் நீட்டுங்க தம்பி, ஜனங்க அழணும்." முடியாது என்றேன். தேதி போயிற்று, போகட்டும். என் தழும்பு டிக்கெட் போட்டுக் காட்டும் பொருளல்ல. அரசும் அதையேதான் கேட்டது. நம் பாலினத்தை நாமே சொல்லலாம், அறுவை சிகிச்சை கட்டாயமில்லை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் வந்த சட்டமோ, 'ஆண்' என்று எழுத மருத்துவச் சான்று கொண்டுவா என்றது.

அமெரிக்காவில் ஸ்காட் டர்னர் ஸ்கோஃபீல்டு என்றொரு திருநம்பிக் கலைஞர். ஆணாவதற்கு 127 எளிய படிகள் என்று தன் ஓராள் நாடகத்துக்குப் பெயர் வைத்தார். பார்வையாளர் ஓர் எண்ணைச் சொல்ல, அந்த எண்ணுக்குரிய கதையை அவர் நிகழ்த்துவார். எந்தப் படி முதல், எது கடைசி? வரிசையே கிடையாது. எங்கள் வாழ்க்கையும் அப்படித்தான்.

நம் பக்கத்துத் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள்: "ஆண்மை அழிய வேண்டும் என்றார் பெரியார். நீ அதைத் தேடிப் போகலாமா?" தோழர்களே, ஆண் வேறு, ஆண்மை வேறு. பெரியார் அழிக்கச் சொன்னது பெண்ணை அடக்கும் அதிகாரத்தை. அந்த அதிகாரம் எப்படிக் கைக்கு வருகிறது என்பதை என்னைப்போல் பார்த்தவர் யார்? ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்தேன், குரல் உடைந்தது. அதுவரை கூட்டங்களில் நான் பேசினால் பாதியில் வெட்டுவார்கள். பிறகு அதே ஆட்கள், அதே கருத்து, எல்லோரும் தலையாட்டினார்கள். பக்கத்தில் ஒரு தங்கை வாய் திறந்தாள், என் குரல் கேட்டதும் நிறுத்திக்கொண்டாள். அந்த மரியாதை நான் உழைத்துச் சம்பாதித்ததா? குரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது! அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

என் நாடகத்தில் நான் அதிக நேரம் நிற்பது அந்த இடத்தில்தான். மேடையில் வேறு நடிகர் கிடையாது. அதனால் அந்தத் தங்கையாகவும் நானே வாய் திறந்து, நானே நிறுத்துகிறேன். முன்வரிசை ஆண்கள் நெளிவதைப் பார்த்திருக்கிறேன். நெளியட்டும். அவர்களுக்கு அந்த அதிகாரம் பிறந்த நாளிலேயே கிடைத்தது, வந்த தடம் தெரியாது. எனக்கு வந்த நாள் தெரியும். ஆணாக வாழ்வேன்; அதைத் திருப்பிக் கொடுப்பேன்.

இயக்குநர்களே, திருநம்பி பாத்திரத்துக்கு எங்களைக் கூப்பிடுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். அப்பன் வேஷம் கொடுங்கள், போஸ்ட்மேன் வேஷம் கொடுங்கள். கூத்து வாத்தியார்கள் இங்கே இருக்கிறீர்கள்: அர்ச்சுனன் தபசுக்கு ஆள் வேண்டுமா? தபசு மரம் ஏற நான் தயார்.