காவல் நாயும் அதன் செவியும்

(இராஜபாளையம் நாயினம் குறித்துத் திருவனந்தபுரத்தில் மாணவர்கள், அலுவலர்கள் முன்னிலையில் நிகழ்த்திய உரை)



தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய நாயைப் பற்றித் திருவனந்தபுரத்தில் பேசுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். கொல்லத்தில் இரயில் ஏறினால் புனலூர், தென்மலை, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து செங்கோட்டையை அடையலாம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலச் சீரமைப்பு நடைபெறும் வரை செங்கோட்டை இந்நகரைத் தலைநகராகக் கொண்ட நிலப்பகுதியில்தான் இருந்தது. அதே இருப்புப் பாதை தென்காசி, சங்கரன்கோவில் ஆகிய ஊர்களைத் தாண்டி இராஜபாளையம் செல்கிறது. ஆகவே, மலையின் மறுபுறச் சரிவில் வாழும் நம் அண்டை வீட்டு விலங்கைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வட்டாரத்தில் ஒரு தோட்ட வீட்டிற்குச் சென்றிருந்தேன். வாயிற்கதவு திறக்கும் ஓசை தெருமுனை வரை கேட்டது. முற்றத்தில் படுத்திருந்த அழகிய வெண்ணிற நாய் அசையவில்லை. நான் பத்தடி தொலைவில் நின்றபோது, காற்றில் என் வாடையை உணர்ந்து திடுக்கிட்டு எழுந்து சீறியது. "நல்ல சாதி நாய்தான் ஐயா, காதுதான் கேட்காது" என்றார் உரிமையாளர். காவலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனத்தில், காவலுக்கு முதற்கருவியான செவி பழுதுபட்டது எவ்வாறு? இன்றைய என் பேச்சு இவ்வொரு வினாவுக்கு விடை காணும் முயற்சியே ஆகும்.

வரலாறு

பதினாறாம் நூற்றாண்டு முதல் மதுரை நாயக்கர் ஆட்சியின்கீழ் தென்பாண்டி நாடு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பாளையக்காரர்களின் கடமைகளில் தலையாயது காவல். ஊரில் களவு போனால் பொருளை மீட்டுத் தருவது அல்லது ஈடு செய்வது காவல் உரிமை பெற்றவரின் பொறுப்பு. இத்தகைய சமுதாய அமைப்பில் காவல் நாய்க்குத் தனி மதிப்பு ஏற்பட்டது இயல்பே. ஆந்திர நாட்டிலிருந்து வந்து இராஜபாளையத்தில் குடியேறிய ராஜுக்கள் இந்நாயினத்தைப் பேணி வளர்த்தனர். பாளையக்காரர் போர்களில் இந்நாய்கள் ஆங்கிலேயரின் குதிரைப் படையைத் தாக்கின என்பது அவ்வட்டாரத்து வாய்மொழி மரபு.

1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் பாளையங்கள் ஒடுக்கப்பட்டன, கோட்டைகள் இடிக்கப்பட்டன, படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. பாளையக்காரரின் காவல் உரிமையும் உடன் மறைந்தது. நாய் தன் முதல் வேலையை இழந்தது. பின்னர் ஜமீன் மாளிகைகளிலும், மாந்தோப்புகளிலும், மலையடிவார வயல்களிலும் அதற்கு இரண்டாவது வேலை கிடைத்தது. காவலுடன் காட்டுப்பன்றி வேட்டையும் அதில் அடங்கியிருந்தது. விடுதலைக்குப்பின் ஜமீன்கள் ஒழிக்கப்பட்டன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. இவை நாட்டு நலனுக்கு வேண்டிய மாற்றங்களே. ஆயினும் இவற்றின் விளைவாக, வேலைக்காகப் போற்றப்பட்ட நாய் அழகுக்காகப் போற்றப்படலாயிற்று. நகரங்களில் அயல்நாட்டு இனங்களின் மோகமும் பெருகியது. இராஜபாளையம் நாய் அருகத் தொடங்கியது.

தோற்றமும் இயல்பும்

இது பெரிய உடலமைப்புடைய நாய். ஆண் நாயின் தோளுயரம் ஏறத்தாழ 65 முதல் 75 சென்டிமீட்டர். ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், மடிந்து தொங்கும் செவிகள், மெலிந்து மேல்நோக்கி வளையும் வால் ஆகியன இதன் அடையாளங்கள். உரோமம் குட்டையானது; பால் வெண்மை நிறமுடையது. மூக்கும் தோலும் இளஞ்சிவப்பாக இருக்கும்.

இயல்பில் இது ஒரு குடும்பத்தையோ ஒரு மனிதரையோ சார்ந்து வாழும். அயலார் தொடுவதை விரும்பாது. காவலில் ஆழ்ந்த ஈடுபாடு உடையது. ஓடி ஆடித் திரியப் பரந்த இடத்தை நாடும். ஆகையால் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும், நாய் வளர்ப்பில் முன்னனுபவம் இல்லாதவர்க்கும் இது ஏற்றதன்று. இவ்வினத்தின்மீது அன்புடையோர் முதலில் எடுத்துரைக்க வேண்டிய உண்மை இது.

வெண்மையின் விலை

ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளில் சில பழுப்பாகவோ கருமையாகவோ, புள்ளிகளுடனோ பிறப்பதுண்டு. வெண்ணிறமே குலத்தூய்மைக்குச் சான்று என்ற எண்ணத்தால் பிற நிறக் குட்டிகளைக் கழித்துவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இவ்வழக்கம் விளைத்த கேட்டை இன்றைய உடலியல் தெளிவாக விளக்குகிறது.

உட்செவியில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. ஒலியை உணரும் மயிரணுக்கள் அதில் உள்ளன. அவ்வணுக்கள் உயிர்வாழ ஏற்ற சூழலைப் பேணுவதில் அங்குள்ள நிறமி உயிரணுக்களுக்குப் பங்குண்டு. கருவளர்ச்சியின்போது நிறமி உயிரணுக்கள் உடலெங்கும் பரவாமற்போனால் தோலும் உரோமமும் வெளுக்கின்றன. அவை உட்செவியையும் எட்டாமற்போனால், பிறந்த சில வாரங்களுக்குள் மயிரணுக்கள் அழிகின்றன. அதன்பின் அச்செவியை மீட்க மருந்தில்லை. இது இராஜபாளையம் நாய்க்கு மட்டும் உரிய குறையன்று. வெண்ணிறத்தில் கரும்புள்ளிகள் உடைய டால்மேஷியன் இனத்தை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, பத்தில் ஏறத்தாழ மூன்று நாய்களுக்கு ஒரு செவியிலாவது கேளாமை இருப்பது தெரியவந்தது.

ஒரு செவி மட்டும் கேளாத நாய் ஏனைய நாய்களைப்போலவே நடந்துகொள்ளும். உரிமையாளருக்குக் குறை தெரியாது. ஆனால் அந்நாய் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தப்பட்டால் குறை அடுத்த தலைமுறைக்கும் செல்லக்கூடும். குட்டியின் பின்னால் நின்று, அது காணாதவாறு ஒலியெழுப்பிப் பார்க்கும் எளிய சோதனை இரு செவியும் கேளாத குட்டியையே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு செவியையும் தனித்தனியே அறிய, ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் மறுமொழியை அளக்கும் சோதனை தேவை. ஐந்து, ஆறு வாரக் குட்டிக்கே இதனைச் செய்யலாம். கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இவ்வசதியை வளர்ப்போரின் கைக்கெட்டும் கட்டணத்தில் அளிப்பது இவ்வினத்துக்குச் செய்யும் பேருதவியாகும்.

எண்ணிக்கை தரும் எச்சரிக்கை

இரண்டாவது இடர், நெருங்கிய உறவில் இணைசேர்ப்பது. உடன்பிறந்த இரு நாய்களை இணைத்தால், பிறக்கும் குட்டியின் உட்கலப்பு அளவு 25 விழுக்காடு. தந்தையுடன் மகளை இணைத்தாலும் அதே அளவு. தந்தையோ தாயோ மட்டும் பொதுவாக உள்ள இரண்டை இணைத்தால் 12.5 விழுக்காடு. உட்கலப்பு மிகுந்தால் ஈற்றுக் குட்டிகளின் எண்ணிக்கையும் நோய் தாங்கும் ஆற்றலும் குறையும். மறைந்திருந்த குறைகள் வெளிப்படும்.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் 50 பெட்டை நாய்கள் இருக்கின்றன. ஆனால் பொலிவுக்குப் புகழ்பெற்ற இரண்டு ஆண் நாய்களையே எல்லாரும் இணைக்கு நாடுகின்றனர் என்று கொள்வோம். ஆண், பெண் எண்களைப் பெருக்கி, அதனை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் செயல்படு எண்ணிக்கை கிடைக்கும். இங்கே அது ஏறத்தாழ 8 மட்டுமே. கண்ணுக்குத் தெரிவது 52 நாய்கள். மரபியல் நோக்கில் இருப்பதோ 8. ஓர் இனம் தலைமுறைக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் உட்கலப்பு அடையாதிருக்கச் செயல்படு எண்ணிக்கை 50-க்குக் குறையலாகாது. இன்னும் பத்து ஆண் நாய்களை வெவ்வேறு குடும்பங்களிலிருந்து தேர்ந்தெடுத்துச் சேர்த்தால், நம் ஊரின் எண்ணிக்கை 38-ஐத் தாண்டிவிடும். புதிய நாய்களை வாங்காமலே, இருக்கும் நாய்களைச் சீராகப் பயன்படுத்தி இனத்தை வலுப்படுத்தலாம் என்பது இக்கணக்கு உணர்த்தும் நம்பிக்கை.

வெச்சூர் தரும் பாடம்

இத்தகைய மீட்பு இயலுமா என்று ஐயுறுவோர்க்குக் கேரளமே விடை தந்திருக்கிறது. வைக்கத்தை அடுத்த வெச்சூரின் பெயர் பெற்ற குள்ளப் பசு, அயலினக் கலப்பும் 1961-ஆம் ஆண்டின் கால்நடை மேம்பாட்டுச் சட்டமும் சேர்ந்து நாட்டுக் காளைகளை ஒதுக்கியதால் மறையும் நிலையை எய்தியது. 1989-இல் மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப் அம்மையாரும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி, எஞ்சிய சில மாடுகளைக் கொண்டு பாதுகாப்புப் பணியைத் தொடங்கினர். எதிர்ப்புகளையும் ஐயங்களையும் தாங்கி அப்பணி நிலைத்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆணைகளுக்குக் காத்திராமல் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தவர்கள் மாணவர்களே என்பதை உங்களுக்கு நினைவூட்ட விழைகிறேன்.

நாய்களுக்கும் சில முயற்சிகள் நடந்துள்ளன. 1980-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசு சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை அமைத்தது. 2005 ஜனவரி 9-ஆம் நாள் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்களின் தலைகளுள் இராஜபாளையமும் இடம்பெற்றது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் முதன்முதலாகப் பதிவு செய்த நாட்டு நாயினங்கள் இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்று. முதோல் நாய்க்கென்று கர்நாடகத்தில் தனி ஆராய்ச்சி மையம் உள்ளது. அந்நாய் 2016 முதல் இராணுவப் பயிற்சிக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டது. வேலை கிடைத்த இனம் தழைக்கும் என்பதற்கு முதோல் நாய் சான்றாகும்.

வளர்ப்பும் பராமரிப்பும்

வெண்மையான தோல் வெயிலில் எளிதில் புண்படும். ஆகவே நண்பகலில் நிழலும் குளிர்ந்த நீரும் இன்றியமையாதவை. மழை மிகுந்த கேரளத்தில் ஈரமும் உண்ணியும் பெரும்பகை. உண்ணி வழியே இரத்த ஒட்டுண்ணி நோய்கள் பரவுகின்றன. செவிமடல், விரலிடுக்கு ஆகிய இடங்களை நாள்தோறும் பார்க்க வேண்டும். படுக்குமிடம் தரையிலிருந்து உயர்ந்தும் உலர்ந்தும் இருக்கட்டும்.

குட்டிகளைக் குடற்புழு, பார்வோ கழிச்சல், டிஸ்டம்பர் ஆகிய மூன்றும் பெரிதும் தாக்குகின்றன. இரண்டாம் வாரம் முதல் குடற்புழு நீக்கமும், ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று, நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தடுப்பூசியும் வேண்டும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், அதன்பின் மருத்துவர் கூறும் காலத்தில் மறு ஊசியும் தவறலாகாது. முற்காலத்தில் கம்பங்கூழும் மோருமே இதன் உணவு. அவை இன்றும் தகும். எனினும் வளரும் குட்டிக்கு முட்டை, மீன், இறைச்சி போன்ற புரத உணவு சேர வேண்டும். நாள் முழுதும் சங்கிலியில் கட்டப்பட்ட நாய் சினங்கொண்டதாகும். நல்ல காவல் நாயாகாது. இரண்டு மாதம் முதல் மனிதரோடும் பிற விலங்குகளோடும் பழக்கினால் அயலார் யார், பகைவர் யார் என்று பிரித்தறியக் கற்கும்.

வெறிநோயால் மக்கள் உயிரிழக்கும் இம்மாநிலத்தில் நாயைக் காப்பது பற்றிப் பேசலாமா என்று கேட்போரும் உண்டு. அவர்களுடைய அச்சம் நியாயமானது. உரிமமும் தடுப்பூசியும் வேலியும் உள்ள நாய்க்கே காவல் நாய் என்ற பெயர் பொருந்தும் என்பது என் விடை.

செய்ய வேண்டியவை

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் நமக்குத் தக்க கருவி. வளர்ப்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தல் வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாதம் நிரம்பியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. அலுவலர்கள் இவ்விதிகளைத் தண்டனைக்குரியனவாக மட்டும் கருதாமல், வளர்ப்போரைக் கூட்டி விளக்கிப் பதிவேடு எழுதப் பழக்கினால் பாதி வெற்றி கிட்டும். அப்பதிவேட்டில் பெற்றோரின் பெயருடன் ஒவ்வொரு குட்டியின் நிறமும் செவித்திறனும் எழுதப்பட வேண்டும். நிறமுடைய குட்டிகளைக் கழிப்பது நிற்க வேண்டும். கண்காட்சி நடுவர்கள் வெண்மைக்கு முன் செவியைச் சோதிக்க வேண்டும். செவி பழுதுற்ற நாயை வெறுக்க வேண்டுவதில்லை. வேலியிட்ட வீட்டில், கையசைவுக்குப் பழக்கி அன்போடு வளர்க்கலாம். இனப்பெருக்கத்துக்கு மட்டும் அது வேண்டா.

நண்பர்களே, அத்தோட்ட வீட்டு உரிமையாளர் என்னை வழியனுப்புகையில், அடுத்த ஈற்றுக்கு எந்த ஆண் நாயைத் தேடுவது என்று கேட்டார். வெளிறிய மூக்கைப் பார்க்க வேண்டா, பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள், பிறகு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள் என்றேன். அவ்விடையையே உங்கள் முன்னும் வைத்து அமைகிறேன்.