பாட்டின் முதல் எழுத்து

புத்தாண்டு நாட்களில் யப்பானிய இல்லங்களில் நெடுங்காலமாக ஆடப்பட்டுவரும் சீட்டாட்டம் ஒன்றுண்டு. அச்சீட்டுகளிற் பொறிக்கப்பட்டிருப்பவை எண்களோ சின்னங்களோ அல்ல, பாட்டுகள். பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் புஜிவாரா தெய்க்கா என்னும் புலவர், நூறு புலவர்களிடமிருந்து ஆளுக்கொரு பாட்டாக நூறு பாட்டுகளைத் தெரிந்தெடுத்துத் தொகுத்தார் என்பர். ஒவ்வொரு பாட்டும் பெரும்பாலும் முப்பத்தோர் அசை கொண்டது. அத்தொகையே பிற்காலத்தில் ஆட்டத்துக்குரிய சீட்டாயிற்று.

ஆடும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒருவர் பாட்டை முதலிலிருந்து இசையோடு படிப்பார். பாட்டின் பிற்பகுதி மாத்திரம் எழுதிய சீட்டுகள் தரையிற் பரப்பப்பட்டிருக்கும். படிக்கப்படும் பாட்டுக்குரிய பிற்பகுதி எதுவென்று உணர்ந்து அச்சீட்டை முதலில் தட்டியெடுப்பவருக்கு வெற்றி. போட்டியாக ஆடுமிடத்து இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஆளுக்கு இருபத்தைந்து சீட்டுகளைத் தம் முன் வைத்துக்கொள்வர். ஆயினும் படிப்பவர் நூறு பாட்டுகளிலிருந்தும் படிப்பார். ஆதலின் தரையில் இல்லாத பாட்டுக்குக் கை நீட்டியவர் ஏமாந்து போவதும் உண்டு.

பாட்டு முழுவதையும் கேட்டபின் கையை நீட்டுபவன் தோற்பான். தேர்ந்த ஆட்டக்காரர் எதிர்பார்த்திருப்பது பாட்டின் முதல் எழுத்தையே. யப்பானிய எழுத்து நம் உயிர்மெய்யைப் போன்று ஓர் அசையைக் குறிப்பது. ‘மு’ என்னும் எழுத்தில் தொடங்கும் பாட்டு நூற்றுள் ஒன்றே உளது. படிப்பவர் வாயிலிருந்து அவ்வோர் ஒலி புறப்பட்ட கணத்திலேயே சீட்டுப் பறந்துவிடும். ‘சு’, ‘மெ’, ‘பு’, ‘ச’, ‘ஹொ’, ‘செ’ ஆகியனவும் அவ்வாறே தனிப்பாட்டுக்கு உரியவை. ‘அ’ என்று தொடங்குவனவோ பதினாறு. அங்கே இரண்டாம் எழுத்துக்கும் மூன்றாம் எழுத்துக்கும் காத்திருத்தல் வேண்டும். சில பாட்டுகள் முதல் ஐந்து எழுத்தளவும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒத்து, ஆறாவது எழுத்திலேதான் பிரிகின்றன. இன்னும் ஒரு நுட்பம்: இரட்டையருள் ஒன்று முன்னரே படிக்கப்பட்டு விட்டால், மற்றதை அறிய ஆறாம் எழுத்துவரை காத்திருக்க வேண்டுவதில்லை. எனவே எவை படிக்கப்பட்டன, எவை எஞ்சியுள்ளன என்ற கணக்கும் மனத்தில் இடையறாது ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். நினைவையும் செவியையும் இவ்வளவு கூர்மையாக்கும் விளையாட்டுப் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே.

யாழ்ப்பாணத்துக்கும் யப்பானுக்கும் இடையே ஒரு கல்வித் தொடர்பு 1980களில் ஏற்பட்டது. டோக்கியோவிலுள்ள கக்குஷுயின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுசுமு ஓனோ, யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என நிறுவ முயன்றவர். அவருடன் சேர்ந்து உழைத்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசும் அவர்தம் துணைவியார் மனோன்மணி சண்முகதாசும் ஆவர். மன்யோஷு என்னும் பழைய யப்பானியத் தொகையின் பாட்டுகளைச் சங்க அகப்பாடல்களோடு ஒப்புநோக்கும் முயற்சியும் அதனால் வளர்ந்தது. ஓனோவின் உறவுக் கொள்கையை மொழிநூலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதனைத் தமிழர் மறைத்துப் பேசுவதில் நன்மையில்லை. உறவு இருப்பினும் இல்லாவிடினும், ஒப்பிட்டுப் பார்ப்பதனால் நம் வீட்டுப் பொருள் நமக்கே புதிதாகத் தோன்றுகின்றது என்பது பெறுபேறு.

மொழிமுதல் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பியர் விதி. அதனாலன்றோ இராமன் என்கின்றோம்; இலங்கை என்கின்றோம். யப்பானியரின் சொந்தச் சொற்களிலும் ரகர வரிசை முதலில் வருவதில்லை. மேலே கூறிய நூறு பாட்டுகளுள் ஒன்றேனும் அவ்வரிசையில் தொடங்கவில்லை. முற்காலத்தில் ருஷ்ய நாட்டின் பெயரைச் சொல்ல நேர்ந்தபோது அவர்கள் முன்னே ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து ‘ஒரொஷிய’ என்றனர். இது உறவுக்குச் சான்றாகாது. துருக்கி முதலிய மொழிகளிலும் இவ்வியல்பு காணப்படுகின்றது. ஆயினும் கேட்பதற்கு இனிய ஒற்றுமை.

தமிழர் பாட்டின் முதல் எழுத்தை விளையாட்டாகக் கருதியவரல்லர். பாட்டியல் நூல்கள் செய்யுளின் முதற்சீருக்கு மங்கலம், சொல், எழுத்து முதலாகப் பத்துப் பொருத்தங்களை வகுத்தன. அமுத எழுத்து, நச்செழுத்து என்று பாகுபாடு செய்து, நச்செழுத்தால் தொடங்கின் பாட்டுடைத் தலைவனுக்குத் தீங்கு வரும் என அஞ்சின. இன்று அவ்வச்சம் தேவையில்லை. ஆனால் முதல் எழுத்தில் ஒரு புலவன் எவ்வளவு கருத்தூன்றி நின்றான் என்பதை அது காட்டுகின்றது. திருஞானசம்பந்தரின் முதற்பதிகம் ‘தோ’ என்னும் எழுத்தில் தொடங்குகின்றது. வேதத்துக்கு முதலாகிய ஓங்காரத்தை ஒரு மெய்யோடு சேர்த்தெடுத்த தொடக்கம் அது என்று சேக்கிழார் காட்டும் நயத்தைச் சைவர் நன்கறிவர்.

யாழ்ப்பாணத்தாருக்கு இவற்றினும் அணுக்கமானது கந்தபுராணம். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள் கொண்ட அந்நூலைக் கோயில்களில் ஒருவர் படிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் வழக்கத்தால், ஏட்டைத் தொட்டறியாதவரும் பாட்டுகளை முதற்சொல் கொண்டு அடையாளங் கண்டனர். அந்நூலின் முதற்சொல்லே ‘திகட’ என்பது. திகழ் என்பதும் தசம் என்பதும் புணர்ந்து இவ்வாறு வருமோ என்று அரங்கேற்றத்தில் ஒருவர் தடை நிகழ்த்தினார் என்றும், வீரசோழிய விதி காட்டி மறுநாள் அத்தடை நீக்கப்பட்டது என்றும் கர்ணபரம்பரைக் கதை கூறும். அந்த வீரசோழியத்தை 1881ஆம் ஆண்டில் அச்சிட்டுத் தந்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே என்பது இங்கு நினைக்கத் தக்கது.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நெடுங்கணக்கை அடுத்து ஆத்திசூடி படித்தனர். அதன் வரிகள் அகர வரிசையிலே செல்கின்றன. ஒருவரி மறந்தால் அடுத்த எழுத்து அதனை நினைவூட்டும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்னும் பெயர்களும் அந்நூல்களின் கடவுள் வாழ்த்துத் தொடங்கும் சொற்களே. நூலுக்கு வேறு பெயர் தேடாமல், வாயில் முதலில் வந்ததையே பெயராக்கிவிட்டது உலகம்!

அந்தாதியின் அமைப்பு இன்னும் உறுதியானது. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாகின்றது. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் சண்டிலிப்பாயிலுள்ள கல்வளைப் பிள்ளையார்மீது பாடிய கல்வளை அந்தாதி போன்ற நூல்களில், நடுவே ஓர் ஏடு சிதைந்தாலும் எங்கே அறுந்தது, அறுந்த பாட்டு எச்சொல்லில் தொடங்கியிருக்கும் என்பவை தெரிந்துவிடும். ஏனைய நூல்களுக்கு அப்பாதுகாப்பு இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைத்தில. பழைய உரைகளில் மேற்கோளாக வந்த சில செய்யுட்களை அவற்றைச் சேர்ந்தவை என்று அறிஞர் தேடி எடுத்தனர். உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் நூலிறுதியிற் சேர்த்த செய்யுள் முதற்குறிப்பு அகராதியின் அருமை அத்தகைய தேடலில் ஈடுபட்டவருக்கே புலனாகும். பார்ப்பதற்கு அது சுவையற்ற பட்டியல். பாட்டின் தொடக்கத்தை மாத்திரம் நினைவில் வைத்திருப்பவனுக்கோ அது திறவுகோல்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு போயின. அச்சு நூலுக்கு வேறிடத்திற் படி கிடைக்கலாம். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நிறுவனம் ஈழத்து நூல்களைத் தேடிப் படியெடுத்து எவரும் படிக்குமாறு வைத்துள்ளது. தனியொரு சுவடியில் மாத்திரம் இருந்த பாட்டுக்கு முதற்குறிப்பேனும் எங்காவது எழுதப்பட்டிருந்தாலன்றி, அப்படி ஒரு பாட்டு இருந்தது என்பதற்கே சாட்சி இல்லை.

ஏட்டிலும் ஏறாத பாட்டுகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஏணையை ஆட்டித் தாய் பாடும் பாட்டு, ஒப்பாரி, ஏற்றப்பாட்டு ஆகியவற்றை வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் போன்றோர் ஊரூராகச் சென்று தொகுத்தனர். இங்கேதான் முதற்குறிப்பு அகராதி கைகொடுக்க மறுக்கின்றது. தாலாட்டு என்றால் ‘ஆராரோ’ என்றே பெரும்பாலும் தொடங்கும். அகர வரிசையில் அடுக்கினால் அவ்வளவும் ‘ஆ’ என்னும் ஒரே எழுத்தின்கீழ்க் குவிந்து, எது எதுவெனத் தெரியாமற் போகும். யப்பானியச் சீட்டில் ‘அ’ வந்தபோது ஆட்டக்காரன் காத்திருந்ததுபோல, இங்கும் தொகுப்பவர் சற்றுக் காத்திருத்தல் வேண்டும். தாய் குழந்தையை மாமன் பெயர் சொல்லித் தாலாட்டத் தொடங்கும் இடத்திலே, அத்தை அடித்தாளோ என்று வினவும் இடத்திலே ஒரு பாட்டு மற்றொன்றிலிருந்து பிரிகின்றது. அவ்விடத்துச் சொல்லையே குறிப்பாகக் கொண்டு, பாடியவரின் ஊரையும் அதனருகே எழுதிவைத்தால் வடமராட்சிப் பாட்டையும் தீவகத்துப் பாட்டையும் பிரித்தறியலாம்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவன் ஒருவன் போதும். பாட்டி ‘ஆராரோ’ என்று தொடங்கியதும், இது தெரிந்த பாட்டு என்று பேனையை மூடிவிடாமல் அவன் நான்காம் அடிவரை இருந்து கேட்கவேண்டும்.